டிரைஸ்டாரும் அதன் எஞ்சினும்

லாக்ஹீட் எல்-1011 டிரைஸ்டாரின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. அதன் காலத்தில் அதைவிடக் கவனமாக வடிவமைக்கப்பட்ட அகல உடல் விமானம் வேறு இருந்ததாக நான் நினைக்கவில்லை. போட்ட முதலை எடுக்கச் சுமார் 500 விமானங்கள் விற்றாக வேண்டும் என்பது கணக்கு. கட்டியதே 250தான். அத்தோடு லாக்ஹீட் பயணிகள் விமானத் தொழிலையே விட்டு விலகியது.

காரணத்தைத் தேடிப் போனால் எஞ்சினில்தான் போய் நிற்கிறோம். போட்டி விமானமான டிசி-10, அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் எஞ்சினோடு வந்தது. லாக்ஹீட் 1968இல் பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ் தயாரிக்கவிருந்த ஆர்பி211ஐ நம்பியது. மற்ற எஞ்சின்களில் இரண்டு சுழல்தண்டுகள் என்றால் இதில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று. ஒவ்வொன்றும் தனக்கு ஏற்ற வேகத்தில் சுழல்வதால் எஞ்சின் குட்டையாக அமைந்தது. அந்த நீளத்துக்கு அளவெடுத்தே டிரைஸ்டாரின் பின்பகுதியை வரைந்தார்கள். மூன்றாவது எஞ்சின் உடலின் கடைக்கோடியில் பதிந்திருக்கும். செங்குத்து வாலின் அடியிலிருந்து வளைந்து இறங்கும் குழாய் வழியாக அதற்குக் காற்று போகும். வேறொரு எஞ்சினை அங்கே பொருத்துவது பெரும்பாடு.

எடையைக் குறைக்க ரோல்ஸ்-ராய்ஸ் விசிறித் தகடுகளைக் கார்பன் இழையில் செய்தது. பறவை மோதினால் தாங்குமா என்று, ஓடும் எஞ்சினுக்குள் செத்த கோழியைச் செலுத்திப் பார்க்கும் சோதனை 1970இல் நடந்தது. தகடுகள் நொறுங்கிப்போயின. டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. செலவு ஏறிக்கொண்டே போனது, விலையோ ஒப்பந்தத்தில் எழுதியாகிவிட்டது. 1971 பிப்ரவரி 4 அன்று ரோல்ஸ்-ராய்ஸ் திவாலானது. பிரிட்டிஷ் அரசு அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. லாக்ஹீடைக் காப்பாற்ற 25 கோடி டாலர் கடனுக்கு அமெரிக்க அரசு உத்தரவாதம் தர வேண்டியிருந்தது. செனட்டில் அது 49க்கு 48 என்று ஒரே ஓட்டில் தப்பியது.

எஞ்சினைக் கரைசேர்த்தவர் ஸ்டான்லி ஹூக்கர். போர்க்காலத்தில் மெர்லின் எஞ்சினின் திறனைக் கூட்டியவர், பிறகு மேலிடத்தோடு பிணங்கி ரோல்ஸ்-ராய்ஸை விட்டுப் பிரிஸ்டல் நிறுவனத்துக்குப் போனவர். அறுபது தாண்டிய வயதில், ஓய்வுபெற்ற பழைய பொறியாளர்களையும் கூட்டிக்கொண்டு, ரோல்ஸ்-ராய்ஸின் டார்பி தொழிற்சாலைக்கே திரும்பி வந்தார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் டிசி-10 முந்திக்கொண்டுவிட்டது. 1971 ஆகஸ்டிலேயே அது பயணிகளை ஏற்றியது; டிரைஸ்டார் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸில் சேவைக்கு வந்தது 1972 ஏப்ரலில். இரண்டு விமானங்களுக்கும் போதுமான சந்தை இருக்கவில்லை. டிரைஸ்டாரை விற்க லாக்ஹீட் போன வழியையும் மறைக்கக் கூடாது. ஜப்பானில் கொடுத்த லஞ்சம் வெளிப்பட்டு, முன்னாள் பிரதமர் தனாகா 1976இல் கைதானார். அந்த விமானத்தை வடிவமைத்தவர்களுக்கு இழைக்கப்பட்ட அவமானமாகவே அதை நான் பார்க்கிறேன்.

அவர்களுடைய வேலை அப்படிப்பட்டது. 1972 மே 25 அன்று ஒரு டிரைஸ்டார் கலிஃபோர்னியாவின் பாம்டேலிலிருந்து கிளம்பி, விமானிகள் கைவைக்காமலே நாட்டின் மறுகரைக்குப் பறந்து, வாஷிங்டன் அருகே டல்லஸ் நிலையத்தில் தரையிறங்கியது. இறங்கும்போது மூக்கை ஏற்றி இறக்காமல், இறக்கைமேல் உள்ள தடுப்புத் தகடுகளைச் சற்றே அசைத்து உயரத்தைச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடும் அதில் இருந்தது.

எல்லாவற்றையும்விட, திசைதிருப்பிகளை இயக்கும் ஹைட்ராலிக் அமைப்புகள் அதில் நான்கு. டிசி-10இல் மூன்று. 1981இல் ஈஸ்டர்ன் டிரைஸ்டார் ஒன்றின் வால் எஞ்சின் சிதறி மூன்று அமைப்புகளை அறுத்தது. மிஞ்சிய நான்காவதை வைத்து விமானிகள் நியூயார்க்கில் பத்திரமாக இறக்கிவிட்டார்கள். 1989இல் யுனைடெட் டிசி-10 ஒன்றின் வால் எஞ்சின் சிதறியபோது மூன்றும் போயின. சூ சிட்டி ஓடுபாதையில் அந்த விமானம் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எஞ்சின் சிதறிய விதம் இரண்டிலும் ஒன்றல்ல என்றாலும், உபரியாக வைத்த அந்த ஒரு குழாய்த்தொகுதியை எந்த வரவு செலவுக் கணக்கில் எழுதுவது?

எண்பதுகளில் ஏர் லங்காவில் பறந்த நம்மவர்கள் பலர் ஏறியதும் டிரைஸ்டாரில்தான். 1986 மே மாதம் கட்டுநாயக்காவில் நின்றிருந்த ஒன்றில் குண்டு வெடித்து 21 பேர் மாண்டதும் அதன் சரித்திரத்தில் சேர்ந்துவிட்டது.

விமானத்தைத் தாமதப்படுத்திய எஞ்சினோ நிலைத்துவிட்டது. ஆர்பி211 போயிங் 747க்கும் 757க்கும் போனது. அதன் மூன்று சுழல்தண்டு அமைப்பிலிருந்தே டிரெண்ட் வரிசை பிறந்தது. இன்று பறக்கும் ஏர்பஸ் ஏ350 எல்லாவற்றிலும் இருப்பது டிரெண்ட். 1970இல் கோழி உடைத்த அந்த விசிறியின் வாரிசுகளை நம்பித்தான் நாம் இன்று கடல் தாண்டுகிறோம்.