'லங்கா ராணி'யை எழுதியவரின் மகள்

சென்ற பருவத்தில் புலம்பெயர் இலக்கியம் குறித்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அ. முத்துலிங்கம், ஷோபாசக்தி, சேரன், வ.ஐ.ச. ஜெயபாலன் என்று வழக்கமான வரிசை. கடைசி பெஞ்சில் இருந்த மாணவர் எழுந்து, "சார், இதுல எம்.ஐ.ஏ. வர மாட்டாங்களா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. சட்டமன்ற உறுப்பினரைக் கேட்கிறாரோ என்று எனக்கும் ஒரு கணம் குழப்பம்.

அவர் திரேஸ்புரத்துப் பையன். தகப்பனார் சங்கு குளிப்பவர். அதே திரேஸ்புரத்தில்தான் பதினைந்து ஆண்டுகளாக நானும் குடியிருக்கிறேன். அன்று மாலை கடற்கரையில், படகுகள் கரையேற்றியிருந்த இடத்தில், அவர் தன் கைபேசியில் ஒரு பாடல் காட்சியைக் காட்டினார். 2015இல் வெளியான 'பார்டர்ஸ்'. அகதிகளாக நடிப்பவர்கள் கம்பிவேலியில் தொற்றி ஏறுகிறார்கள். படகுகளில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஓரிடத்தில் மனித உடல்களே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு ஒரு கப்பலின் வடிவம் கொள்கின்றன. எல்லாவற்றுக்கும் நடுவே சலனமில்லாத முகத்துடன் ஒரு தமிழ்ப் பெண் ஆங்கிலத்தில் பேச்சும் பாட்டுமாகச் சொல்லிக்கொண்டு போகிறாள். "நம்ம ஊர் பொம்பளைங்க மாதிரியே இருக்காங்க, இல்ல சார்?" என்றார் மாணவர். இருந்தார்.

எனக்கு அவரைப் பற்றித் தெரிந்திருந்தது மிகக் குறைவு. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் ஏ.ஆர். ரகுமானோடு ஒரு பாட்டு, அது 2009இல் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது, அவ்வளவுதான். பிறகு தேடிப் படித்தபோதுதான், நான் பல ஆண்டுகளாக அறிந்திருந்த ஒரு தமிழ் நாவலாசிரியரின் மகள் அவர் என்பது உறைத்தது. இது தெரியாமல் ஈழ இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தேன் என்பதை வெட்கத்துடன்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாதங்கி அருள்பிரகாசம், மாயா என்பது வீட்டுப்பெயர், 1975 ஜூலை 18 அன்று லண்டனின் ஹவுன்ஸ்லோ பகுதியில் பிறந்தவர். அதே ஆண்டில் அதே நகரத்தில்தான் ஈரோஸ் இயக்கம் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர் அவருடைய தகப்பனார் அருளர். 1977 ஆகஸ்ட் கலவரத்தில் தென்னிலங்கையிலிருந்து துரத்தப்பட்ட தமிழர்களைக் கொழும்பிலிருந்து வடக்கே ஏற்றிச் சென்ற கப்பலைக் களமாக வைத்து, 1978இல் 'லங்கா ராணி' என்ற நாவலை வெளியிட்டவர். கப்பலின் பெயரே நாவலின் பெயர். கலைத்திறனால் பெரிய நாவல் என்று நான் சொல்ல மாட்டேன். பாத்திரங்கள் நிறையப் பேசுகிறார்கள், விவாதிக்கிறார்கள், சில இடங்களில் துண்டுப்பிரசுரத்தின் வாடை வீசுகிறது. ஆனால் உடைமை இழந்தவர்களை ஒரே தளத்தில் குவித்து, கரை வந்து சேரும்வரை அவர்களுக்குப் பேசுவதைத் தவிர வேறு வேலையில்லாமல் செய்த அந்த அமைப்பு மறக்க முடியாதது. ஈழப்போர் இலக்கியத்தின் முன்னோடிகளில் ஒன்றாக அதை வைப்பதில் யாருக்கும் தயக்கமில்லை.

அந்தத் தகப்பனை மகள் அதிகம் பார்த்ததில்லை. ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டவர் அவர். அப்பா எப்போதாவது வருவார், வரும்போது பாதுகாப்புக்காக 'மாமா' என்றே பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தப்படுவார் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இடையில் சில காலம் சென்னையில் வறுமையான வாழ்க்கை. 1986இல் தாயும் பிள்ளைகளும் லண்டனுக்கு அகதிகளாகப் போய்ச் சேர்ந்தார்கள். தெற்கு லண்டனில் மிச்சம் பகுதியின் அரசு குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தார். பிறகு சென்ட்ரல் செயின்ட் மார்டின்ஸ் கலைக்கல்லூரியில் திரைப்படம் படித்தார். பாடகியாக வேண்டும் என்று கிளம்பியவர் அல்லர். ஸ்டென்சில் ஓவியம், விளம்பர அட்டை, ஆடையில் அச்சு என்றிருந்தவர், ஓர் இசைக்குழுவின் பயணத்தைப் படம்பிடிக்கப் போன இடத்தில் ஒரு தாளக்கருவியைப் பழகிக்கொண்டு பாட்டுக்கு வந்தார். 'போரில் காணாமல் போனவர்' என்பதன் ஆங்கிலச் சுருக்கமே எம்.ஐ.ஏ. அவர் வாழ்ந்த ஆக்டன் பகுதியின் பெயரும் அதில் ஒளிந்திருக்கிறது.

2005இல் வந்த முதல் தொகுப்பின் பெயர் 'அருளர்'. எங்கோ இருக்கும் அப்பா தன் பெயரைப் பார்த்துத் தொடர்புகொள்ளட்டும் என்று வைத்ததாகச் சொன்னார். 2007இல் வந்த இரண்டாவது தொகுப்பு 'கலா', அம்மாவின் பெயர். மூன்றாவது தன் வீட்டுப்பெயர், நான்காவது தன் முழுப்பெயர். நான்கு பெயர்களையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு குடும்ப அட்டை போல இருக்கிறது. (அகதிக்கு முதலில் பறிபோகும் ஆவணமும் அதுதானே.)

'கலா' உருவான கதை நமக்கு நெருக்கமானது. அமெரிக்காவில் தங்கி வேலைசெய்ய அவருக்கு விசா கிடைக்கவில்லை. எனவே இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா என்று அலைந்து பதிவுசெய்தார். சென்னைக்கு வந்து, ரகுமானின் ஒலிப்பதிவுக்கூடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உறுமிக் கலைஞர்களை வைத்துத் தாளம் பிடித்தார். சாவு வீட்டிலும் கோயில் கொடையிலும் உறுமியைக் கேட்டு வளர்ந்த நாம் அதைச் 'செவ்வியல்' கச்சேரி மேடைக்கு அழைத்ததில்லை. அவர் அதை லண்டன், நியூயார்க் நடன அரங்குகளில் கொண்டுபோய் இறக்கினார். அதே தொகுப்பின் முதல் பாட்டில் 'தளபதி' படத்து இளையராஜாவின் 'காட்டுக்குயிலு' துண்டாக ஒலிக்கிறது. விசா மறுப்பின் எரிச்சலிலிருந்து பிறந்த 'பேப்பர் பிளேன்ஸ்' 2008இல் அமெரிக்கத் தரவரிசையில் நான்காம் இடம் வரை ஏறியது. போலி ஆவணம் செய்பவன், கொள்ளைக்காரன் என்று குடியேறியைப் பற்றி மேற்குலகம் கொண்டிருக்கும் கற்பனையை, அந்தக் குடியேறியின் வாயாலேயே, சிறுவர் குரல்களும் துப்பாக்கி வெடிப்பும் பணப்பெட்டி திறக்கும் ஒலியும் சேர்த்துப் பகடி செய்யும் பாட்டு. புதுமைப்பித்தனை வகுப்பில் நடத்துகிறவனுக்கு இந்த நக்கலின் குலம் தெரியும். ஆனால் பலர் அதை உண்மையான கொள்ளைப் பாட்டாகவே கேட்டார்கள்.

நிற்க. எங்கள் துறைக் கூட்டத்தில் ஒரு யோசனை வைத்தேன். 'லங்கா ராணி'யையும் 'பார்டர்ஸ்' காட்சியையும் சேர்த்து ஒரே அலகாக வைக்கலாம், எழுத்தில் ஒரு கப்பல், உடல்களால் ஒரு கப்பல், இடையில் முப்பத்தேழு ஆண்டுகள் என்றேன். மூன்று மறுப்புகள் வந்தன. அவர் எழுதுவது ஆங்கிலம். அவர் ஆடை விளம்பர மாடல். அவர் அரசியல் சரியில்லை.

முதலாவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துணைப்பாடமாக மொழிபெயர்ப்பு நாவல்களை வைக்கிற துறை நாங்கள்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆம், 2008இல் மார்க் ஜேக்கப்ஸ் நிறுவனத்தின் விளம்பரங்களில் தோன்றினார். 2013இல் வெர்சாச்சேவின் வெர்சஸ் பிரிவுக்கு ஆடைகள் வடிவமைத்தார். ஆனால் அந்த வடிவங்களை எங்கிருந்து எடுத்தார் என்று பாருங்கள். லண்டன் சந்தைகளில் விற்கும் போலி வெர்சாச்சே துணிகளிலிருந்து. அகதிப் பிள்ளைகள் அணிந்து வளர்ந்த நகல்களை, அசலை உண்டாக்கிய நிறுவனத்துக்கே அசல் விலையில் விற்க வைத்தார். இது விளம்பர மாடலின் வேலை மட்டுமா? ஆடையைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்ததற்கு வீட்டிலும் காரணம் இருந்தது. ஆங்கிலம் தெரியாமல் போய் இறங்கிய தாய் கலா, பிரித்தானிய அரச விருதுகளுக்கான பதக்கங்களைக் கையால் தைக்கும் வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். 2019இல் மகளுக்கு எம்.பி.இ. விருது அறிவிக்கப்பட்டபோது, அம்மாவின் அந்த உழைப்புக்காகவே அதை ஏற்கிறேன் என்ற பொருளில்தான் எழுதினார். ஒரு சிறுகதையாசிரியர் இப்படி முடித்திருந்தால் 'செயற்கை' என்று விமர்சனம் எழுதியிருப்பேன்.

மூன்றாவது மறுப்பில் பாதி நியாயம் இருக்கிறது. மேற்கத்தியப் பத்திரிகைகளில் பல அவரைப் புலியின் மகள் என்றே எழுதின. ஈரோஸ் வேறு, புலிகள் வேறு, அருளர் பின்னாளில் ஆயுத அரசியலிலிருந்து விலகியவர் என்ற நுணுக்கமெல்லாம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. புலிச் சின்னங்களை ஓவியத்திலும் ஆடையிலும் அலங்காரமாகத் தெளித்து அந்தக் குழப்பத்துக்கு அவரும் உதவினார் என்பதை மறைக்க வேண்டாம். அந்த இயக்கத்தால் கொல்லப்பட்ட தமிழர்களைப் பற்றி அவர் பாட்டில் நான் எதையும் கேட்கவில்லை. ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001லேயே செய்த வேலை அது. அந்த ஒப்பீட்டில் அவர் சிறியவராகவே தெரிகிறார்.

ஆனால் 2009ஐ நினைத்துப் பாருங்கள். முள்ளிவாய்க்காலை நோக்கி மக்கள் ஒடுங்கிக்கொண்டிருந்த மாதங்கள். பிப்ரவரி 8 அன்று, நிறைமாத கர்ப்பிணியாக, கிராமி மேடையில் அமெரிக்காவின் நான்கு பெரிய ராப் பாடகர்களோடு பாடினார். அதற்குச் சில நாள்கள் முன்பே அமெரிக்கத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, இலங்கையில் தமிழர் கொல்லப்படுகிறார்கள் என்று சொல்லிவிட்டார். அந்த அளவு வெளிச்சத்தில் நின்ற தமிழ் முகம் அப்போது வேறு எது? பதிலுக்கு அவருக்குக் கிடைத்தது பயங்கரவாத ஆதரவாளர் என்ற பட்டம்.

பட்டம் கட்டுவது எப்படி நடக்கும் என்பது திரேஸ்புரத்தில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் இறந்தார்கள். அன்று எங்கள் திரேஸ்புரத்திலும் ஒரு பெண் சுடப்பட்டு இறந்தார். அடுத்த சில நாள்களிலேயே 'சமூக விரோதிகள்' என்ற சொல்லைக் கேட்டோம். செத்தவர்களைத் தெரிந்த ஊர், அந்தச் சொல்லை எப்படிக் கேட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதற்காக அவர் சொல்வதையெல்லாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. 2012இல் அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி மேடையில் நடுவிரலைக் காட்டி, கோடிக்கணக்கில் இழப்பீடு கேட்ட வழக்கை வாங்கிக்கொண்டார். அது வெறும் குறும்பு. தடுப்பூசி பற்றிப் பேசியதும், 2024இல் அலைவீச்சைத் தடுக்கும் என்று உலோக இழை ஆடைகளை விற்கத் தொடங்கியதும் எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. 'கலா'வைச் செய்த கை இதையும் செய்கிறதே என்ற வருத்தம். ஆனால் வாழ்க்கை முழுதும் தெளிவாகவே பேசிய எழுத்தாளர்களை மட்டும் பாடத்தில் வைப்பதென்றால், நம் பாடநூல் எத்தனை பக்கம் தேறும்?

அருளர் 2019 டிசம்பரில் காலமானார். தன் பெயரைத் தாங்கிய தொகுப்புக்குப் பெயரை மாற்றச் சொல்லி அவர் மின்னஞ்சல் அனுப்பினார் என்று மகள் சொல்லியிருக்கிறார். மகள் மாற்றவில்லை. தமிழ் நாவல் ஒன்றை எழுதிய மனிதரின் பெயர், அந்த நாவலைப் படிக்கவே முடியாத லட்சக்கணக்கானவர்களின் அலமாரியில் இப்படித்தான் போய் உட்கார்ந்தது.

துறைக் கூட்டத்தில் என் யோசனை தோற்றது. அடுத்த ஆண்டும் வைப்பேன். இதற்கிடையில் அந்த மாணவர் இளங்கலை ஆய்வேட்டுக்கு இதையே தலைப்பாக எடுத்துக்கொண்டார். 'லங்கா ராணி'யின் ஒளிநகல் ஒன்று என்னிடம் இருந்தது, கொடுத்தேன். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். தகப்பனாருக்குக் கப்பல் கதை என்றதும் ஆர்வம் வந்து, இரவில் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். 2011இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே நின்றுபோன கதை அவருக்கு நினைவு வந்திருக்கிறது. மறுநாள் மாணவர் வந்து, "அந்தக் கப்பல்ல ஏறுனவங்க கடைசில எறங்குறாங்களான்னு அப்பா கேக்காரு சார். சொல்லிரவா, இல்ல படிச்சு முடிக்கட்டுமா?" என்றார்.

படித்து முடிக்கட்டும் என்றேன்.