இருமலுக்கு வயது வரம்பு இல்லை

தாராவியில் ஒரே அறையில் ஆறேழு பேர் தங்கியிருப்பது சகஜம். அதில் முப்பது வயது வாலிபர் ஒருவருக்கு இருமல் வருகிறது. முதல் வாரம் சுக்குக் கஷாயம். அடுத்த வாரம் மருந்துக்கடை டானிக். அதற்கும் அடுத்த வாரம், "மும்பைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்ற சமாதானம். லீவு போட்டால் சம்பளம் போய்விடுமே என்ற கவலை வேறு.

கடைசியில் டாக்டரிடம் போனால், எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது. உடனே டி.பி. மாத்திரை தொடங்கப்படுகிறது.

நம் நாட்டில் நீண்ட இருமல் என்றால் முதலில் டி.பி.யைச் சந்தேகிப்பது நியாயமே. ஆனால் சளியில் இரத்தம், மூச்சுத் திணறல், எடைக் குறைவு ஆகியவை நுரையீரல் புற்றுநோயிலும் உண்டு. எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்று போலவே தெரியலாம். இதனால் பல மாதங்கள் வீணாகின்றன.

"பீடி, சிகரெட் தொடாதவனுக்குப் புற்றுநோயா?" என்று கேட்பவர்கள் உண்டு. புகையே முதல் காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், இளவயதில் இந்நோய் வருகிறவர்களில் புகைக்காதவர்கள் பலர்; பெண்களும் உண்டு. காற்று மாசும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013-ல் அறிவித்தது. ஆகவே, நோயாளியைப் பார்த்து "தானே தேடிக்கொண்டான்" என்று பேசுவது அநியாயம்.

இளைஞர்கள் சிலரின் கட்டியில் 'ஏ.எல்.கே.' என்ற மரபணு மாற்றம் இருக்கிறது. நுரையீரல் புற்றுநோயில் இதை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2007-ல் கண்டறிந்தார்கள். இதற்கென்றே இன்று மாத்திரைகள் உள்ளன. நோய் முற்றிய பிறகும் அவற்றால் பல ஆண்டுகள் வாழ்கிறவர்கள் உண்டு. ஆனால் சதைப் பரிசோதனை செய்தால்தானே அது தெரியும்?

எனவே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அது இலவசம். கிருமி இல்லை என்று வந்தாலோ, மாத்திரை சாப்பிட்டும் குணம் தெரியாவிட்டாலோ, "ஸ்கேன் எடுக்க வேண்டுமா?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்க வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

பரேலில் டாடா நினைவு மருத்துவமனை 1941 முதல் இருக்கிறது. ஊரோடு போய்ச் சேர நினைப்பவர்களுக்கு அடையாறு புற்றுநோய் நிலையம் 1954 முதல் இருக்கிறது. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ரெயிலில் படுக்கை வகுப்புக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. மருத்துவமனைச் சான்றிதழைக் கவுண்டரில் கொடுத்தால் போதும். இது தெரியாமல் கடன் வாங்கி டிக்கெட் எடுப்பவர்கள் எத்தனை பேர்!

பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் தமிழ்ச் சங்கங்கள், ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கக் கூடாதா?

ஒரு நாள் சம்பளம் போனால் திரும்பச் சம்பாதிக்கலாம். ஊரில் மணியார்டரை எதிர்பார்த்திருந்த காலம் போய், இன்று செல்போனில் பணம் வருகிறது. எப்படி வந்தாலும், அனுப்புகிற ஆள் நலமாக இருக்க வேண்டும் அல்லவா?