50 மீட்டர் விதி இருக்கு... ஆனா தொழிற்பகுதிக்கு இல்லை! வடசென்னை டாஸ்மாக் கடைகளில் என்ன சிக்கல்?

பள்ளிக்கூடம், கோயில் பக்கத்தில் டாஸ்மாக் கடை இருக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனால் அதில் ஒரு விலக்கு இருக்கு. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்வாசிகள் அதைக் கட்டாயம் தெரிஞ்சுக்கணும்.

விதி என்ன சொல்கிறது?

2003-ஆம் ஆண்டின் மதுபான சில்லறை விற்பனை விதிகள்படி, மாநகராட்சி, நகராட்சிகளில் வழிபாட்டுத் தலம், கல்வி நிறுவனத்திலிருந்து 50 மீட்டருக்குள் மதுக்கடை வைக்க முடியாது. மற்ற இடங்களில் 100 மீட்டர். ஆனால், 'வணிகப் பகுதி', 'தொழிற்பகுதி' என வகைப்படுத்தப்பட்ட இடங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. சென்னையில் அந்த வகைப்பாட்டைச் செய்வது சி.எம்.டி.ஏ.

வடசென்னைக்கு ஏன் முக்கியம்?

தொழிற்பகுதி என்றால் வீடுகள் இல்லாத இடம் என்று சட்டம் நினைக்குது போல. இங்கே கம்பெனி மதில் ஒரு பக்கம், குடியிருப்பு மறுபக்கம். கன்டெய்னர் லாரி போகிற அதே ரோட்டில்தான் பிள்ளைகள் பள்ளிக்கும் போகிறார்கள்.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நகர எல்லைக்குள் அது பொருந்தாது என 2017-இல் அந்த நீதிமன்றமே தெளிவுபடுத்தியது. அந்தப் பிடியும் போச்சு.

அரசு ஏன் தயங்குகிறது?

2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனை அரசின் கையில். 2023-24-இல் டாஸ்மாக் மூலம் கிடைத்த வரி வருவாய் ரூ.45,855 கோடி. மதுவைக் கட்டுப்படுத்தும் துறையின் கீழ்தான் மதுவை விற்கும் நிறுவனமும் இருக்கு. 2023 ஜூன் 22-இல் 500 கடைகள் மூடப்பட்டன. ஆனாலும் அதற்கடுத்த ஆண்டும் வருவாய் கூடியது.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் வருமா?

இந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, மாநிலத்தில் 4,800-க்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் இருந்தன. குறைந்த விலைதான் கூலித் தொழிலாளியைப் பாக்கெட் சாராயத்துக்கு இழுக்குது. கடை திறந்திருப்பது மட்டுமே பாதுகாப்பு ஆகாது.

மக்கள் என்ன செய்யலாம்?

ஆட்சியரிடம் மனு கொடுக்கும் முன், கடை இருக்கும் இடத்தின் சர்வே எண்ணை வைத்து, அது எந்த வகைப்பாட்டில் வருகிறது என்று சி.எம்.டி.ஏ.வில் பாருங்க. குடியிருப்புப் பகுதி என்றால் 50 மீட்டர் விதி உங்கள் பக்கம். தொழிற்பகுதி என்றால், டேப் வைத்து அளந்து பயனில்லை; விலக்கையே மாற்றச் சொல்லி அரசிடம்தான் கேட்க வேண்டும்.