பழைய ஹெட்போனே போதும்

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்குக் கடற்கரை ஊரான புதுமடம் வரும் இளைஞர் சிலரின் கழுத்தில் இப்போது இரைச்சல் நீக்கும் ஹெட்போன் தொங்குகிறது. பழசைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கலாமா? வேண்டாம் என்பேன். உதாரணத்துக்கு, சோனியின் 2020 ஹெட்போன் மாடலான எக்ஸ்எம்4 மடங்கும். 2022 எக்ஸ்எம்5 மடங்காது. 2025 எக்ஸ்எம்6 மறுபடி மடங்குகிறது. பழையபடி மடங்குவதற்கு ஐந்து வருடம்! இரைச்சல் நீக்கத்தோடு மூன்றுக்குமே பேட்டரி 30 மணி நேரம்தான். மைக்குகள் கூடியிருப்பதால் பக்கத்து இருக்கைப் பேச்சைக் குறைப்பதில் புதுசு ஒரு படி மேல், மறுக்கவில்லை. ஆனால் விமான எஞ்சினின் சீரான உறுமலை எதிரலை எழுப்பி அடக்கப் பழசே போதும். கடற்கரையில் கச்சான் காற்று மைக்கில் மோதினால் எந்த மாடலும் திணறும். காது மெத்தை நைந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். மெத்தை சரியாகப் பொருந்தாவிட்டால் வெளிச்சத்தம் அந்த இடுக்கு வழியாக உள்ளே வருகிறது.