ராட்டினம் பழசாகலாம், இடம் பறிபோகலாமா?

டில்லி மெட்ரோவின் நீல வழித்தடத்தில் மண்டி ஹவுஸைத் தாண்டியதும் வரும் நிலையத்துக்கு இன்று சுப்ரீம் கோர்ட் என்று பெயர். முன்பு அதன் பெயர் பிரகதி மைதான். நிலையத்துக்கு அருகே வக்கீல்களும் கட்சிக்காரர்களும் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நடமாடும் அந்த இடத்தில் ஒரு காலத்தில் குழந்தைகளின் கூச்சல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ராட்சத ராட்டினம் சுற்றிய இடம் அது. இன்று தலைநகரில் பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே, அல்லது அவர்கள் தவழ்ந்துகொண்டிருந்தபோதே, 'அப்பு கர்' மறைந்துவிட்டது. ஆனால், அவர்களுடைய பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெயரைச் சொன்னதும் முகம் மலரும்.

1982-ம் ஆண்டு நவம்பர் 19-ம் தேதி டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கின. அந்தப் போட்டிகளின் சின்னமாக அமைந்தது அப்பு என்ற குட்டி யானை. கேரளத்து யானைக்குட்டி ஒன்றும் அப்புவாக டில்லிக்கு வந்து எல்லோருடைய மனத்தையும் கவர்ந்தது. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1984 நவம்பர் 19 அன்று, பிரகதி மைதானத்தில் அப்புவின் பெயரில் பூங்கா திறக்கப்பட்டது. நாட்டின் முதல் நவீன பொழுதுபோக்குப் பூங்கா என்ற பெயர் அதற்குக் கிடைத்தது.

அப்போது டில்லியில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அது எத்தகைய விருந்து என்பதை விவரிக்க வேண்டியதில்லை. ராமகிருஷ்ணபுரத்திலும் சரோஜினி நகரிலும் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்த குமாஸ்தாக்களுக்கும், கரோல்பாகில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தவர்களுக்கும் ஊரிலிருந்து உறவினர்கள் வருவது வழக்கம். எல்.டி.சி.யில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்திறங்கும் மைத்துனர் குடும்பத்துக்குச் செங்கோட்டை, குதுப் மினார், பிர்லா மந்திர் எல்லாம் காட்டியாக வேண்டும். பெரியவர்கள் அவற்றைப் பார்த்து வியப்பார்கள். குழந்தைகளோ, 'அப்பு கருக்கு எப்போது போவது?' என்று நச்சரிப்பார்கள். கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை இந்தியா கேட் புல்வெளியில் சாப்பிட்டுவிட்டு அங்கே போனால், பொழுது சாய்ந்த பிறகுதான் திரும்ப முடியும். ஊரில் திருவிழா ராட்டினத்தை மட்டுமே கண்டிருந்த பிள்ளைகள் கொலம்பஸ் கப்பலில் ஏறி வயிறு கலங்க ஆடிவிட்டு, இறங்கியதும் 'இன்னொரு தடவை' என்று அடம் பிடித்தார்கள்.

2008 பிப்ரவரியில் அப்பு கர் மூடப்பட்டது. நிலம் சுப்ரீம் கோர்ட்டின் விரிவாக்கத்துக்கும் மெட்ரோ ரயிலுக்கும் தேவைப்பட்டது. 2019 ஜூலையில் அங்கே சுப்ரீம் கோர்ட்டின் கூடுதல் கட்டடத் தொகுதியை ஜனாதிபதி திறந்து வைத்தார்.

நீதிமன்றத்துக்கு இடம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வழக்குகள் மலைபோல் குவிந்திருக்கும் நாட்டில் நீதிமன்றம் விரிவடையத்தான் வேண்டும். கேள்வி வேறு. ஒரு பொதுத் தேவைக்காக இன்னொரு பொதுத் தேவை விலகி வழிவிடும்போது, விலகியது எங்கே போய்ச் சேர்ந்தது? ரோகிணியிலும் நொய்டாவிலும் பெரிய பூங்காக்கள் எழுந்தன. குருகிராமில் அப்பு கர் என்ற பெயரிலேயே 2014-ல் தண்ணீர்ப் பூங்கா திறக்கப்பட்டது. விளையாட்டுச் சாதனங்களில் அவை பழைய அப்பு கரை விஞ்சியவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால், நகரின் நடுவே, நாலாபக்கமிருந்தும் பஸ் வந்து சேரும் இடத்தில் இருந்த பூங்கா போனது போனதுதான்.

புதிய ராட்டினம் வேண்டுமா, பழைய ராட்டினத்தைக் காப்பாற்ற வேண்டுமா என்பது உலகமெங்கும் நடக்கும் விவாதம். சினிமா நடிகருக்கு ரசிகர் மன்றம் வைப்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் ராட்டின ரயிலுக்கே ரசிகர் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள் ஊர் ஊராகப் போய் ஏறிப் பார்க்கிறார்கள். புதிதாக வருவதை வரவேற்கிறார்கள்; பழையதை இடிக்கப் போகிறார்கள் என்றால் குரல் கொடுக்கிறார்கள். இது வேலையற்றவர்களின் விளையாட்டு என்று சிலர் சிரிக்கலாம். நியூயார்க்கில் நடந்ததைத் தெரிந்துகொண்டால் சிரிப்பு அடங்கிவிடும்.

நியூயார்க் நகரின் கடலோரத்தில் கோனி ஐலண்ட் என்று ஒரு பகுதி இருக்கிறது. 1884-ல் அங்கே ஓடிய சறுக்கு ரயிலில் ஏற ஐந்து சென்ட் கட்டணம். 1920-ல் சுரங்க ரயில் அங்கே வந்து சேர்ந்தபோது அதிலும் ஐந்து சென்ட்தான். தையல் ஆலைத் தொழிலாளியும் துறைமுகக் கூலியும் குடும்பத்தோடு வந்து கடற்காற்று வாங்க அந்தச் சில்லறைக் காசு போதும். அங்கே 1927-ல் மரத்தால் கட்டப்பட்டதுதான் 'சைக்ளோன்' என்ற ராட்டின ரயில். பக்கத்தில் இருந்த மீன் காட்சியகத்தை விரிவுபடுத்துவதற்காக அதை இடித்துவிடலாம் என்ற யோசனை 1970-களில் எழுந்தது. மக்கள் எதிர்த்தார்கள். முடிவில் இடிக்கும் யோசனை கைவிடப்பட்டது; பழுது பார்க்கப்பட்டு 1975-ல் அது மீண்டும் ஓடியது. 1988-ல் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது; 1991-ல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிலும் சேர்க்கப்பட்டது. மீன் காட்சியகமும் இருக்கிறது, சைக்ளோனும் இருக்கிறது. ஒன்று வாழ இன்னொன்று சாக வேண்டும் என்பது விதியல்ல.

ஜப்பானில் நடந்தது வேறு மாதிரி. டோக்கியோவின் தோஷிமாயென் பூங்காவில் 1907-ல் ஜெர்மனியில் செய்த மரக் குதிரை ராட்டினம் ஒன்று 1971 முதல் சுற்றிக்கொண்டிருந்தது. 2020 ஆகஸ்டு 31-ம் தேதி பூங்கா மூடப்பட்டது. கடைசி நாட்களில், சிறு வயதில் அங்கே விளையாடியவர்கள் தம் பிள்ளைகளை அழைத்து வந்து காட்டினார்கள். பூங்காவின் ஒரு பகுதியில் ஹாரி பாட்டர் கண்காட்சி 2023-ல் திறக்கப்பட்டது. ஆனால், அந்தக் குதிரை ராட்டினத்தைக் காயலான் கடைக்குப் போடவில்லை, பிரித்துப் பத்திரப்படுத்தினார்கள்.

டில்லிக்குப் பழசைப் போற்றத் தெரியாது என்று சொல்ல முடியாது. 1977-ல் திறக்கப்பட்ட சாணக்யபுரி ரயில் அருங்காட்சியகமே அதற்குச் சாட்சி. நூறு ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியாலா சமஸ்தானத்து ஒற்றைத் தண்டவாள ரயிலை அங்கே பழுது நீக்கி வைத்திருக்கிறார்கள். அதே வளாகத்தில் குழந்தைகள் ஏறிச் சுற்றிவரச் சின்ன ரயிலும் உண்டு. பழையதைப் பார்க்கவும் புதியதில் ஏறவும் ஒரே இடத்தில் வசதி. ரயிலுக்குக் காட்டிய இந்த அக்கறையை ராட்டினத்துக்கு மட்டும் ஏன் காட்டக்கூடாது?

ராட்டினத்தைப் பொறுத்தவரை ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அது கோயில் சிற்பம் அல்ல. இரும்பு துருப்பிடிக்கும், பற்றாணி தேயும். பாசத்துக்காகப் பழைய யந்திரத்தில் பிள்ளைகளை ஏற்ற முடியாது. 2025 ஏப்ரலில் டில்லி எல்லையில் ஒரு பூங்காவின் ராட்டின ரயிலிலிருந்து விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். கல்யாணம் நிச்சயமான பெண் அவர். அந்தத் துயரத்துக்குப் பிறகும், பாதுகாப்பைவிடப் பழைமை பெரிது என்று யாராலும் வாதாட முடியாது. 1984-ல் வைத்த சாதனங்கள் என்றாவது ஒரு நாள் கழற்றப்பட வேண்டியவைதான்.

அப்படியானால் எதைக் காப்பாற்றுவது? இரும்பைக் காப்பாற்ற முடியாவிட்டாலும், அந்த இரும்பு நின்ற நியாயத்தைக் காப்பாற்றலாம். சம்பளம் வாங்கிய மறுநாள் ஒரு தொழிலாளி மனைவி மக்களோடு பஸ் ஏறிப் போய், சட்டைப் பை முழுவதையும் காலி செய்யாமல், சிரித்துவிட்டுத் திரும்பி வரக்கூடிய ஓர் இடம் நகரின் நடுவே இருக்கலாம் என்பதே அந்த நியாயம். பூங்காவின் பாரம்பரியம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

இன்றைய நிலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நால்வர் கொண்ட குடும்பம் நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக மெட்ரோ கட்டணம், இறங்கிய இடத்திலிருந்து ஆட்டோ, நுழைவுச் சீட்டு, வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லையென்றால் உள்ளே விற்கும் விலைக்குச் சாப்பாடு. இவ்வளவையும் கூட்டிய பிறகு, 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று பிள்ளைகளிடம் சொல்வதைத் தவிர குமாஸ்தாவுக்கு வேறு வழியில்லை. அந்த அடுத்த மாதம் வருவதே இல்லை.

இதில் வேதனையான வரலாறும் ஒன்று உண்டு. அப்பு சிரித்துக்கொண்டு நின்ற அந்த ஆசிய விளையாட்டுக்காக அரங்கங்களையும் மேம்பாலங்களையும் கட்டிய தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூட முழுதாகக் கிடைக்கவில்லை. அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்புக்குச் சமம் என்று 1982-ல் கோர்ட் தீர்ப்பளித்தது. நாடெங்கும் தொழிலாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. நகரத்தைக் கட்டுகிறவனுக்கு நகரத்தில் பங்கு உண்டு என்பதே அதன் உட்பொருள் என்று கொண்டால் தவறில்லை. கூலியில் மட்டுமல்ல, களிப்பிலும் அவனுக்குப் பங்கு உண்டு.

ஆனால், நடப்பது என்ன? ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி இருந்த மதராசி முகாம் 2025 ஜூனில் இடிக்கப்பட்டது. பல்லாண்டுகள் அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் தகுதி உள்ளவை என்று முடிவு செய்யப்பட்டவற்றுக்குத் தொலைவில் நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. உழைப்பவனின் வீடும் நகரத்தின் விளிம்புக்குப் போகிறது. அவன் பிள்ளைகள் விளையாடும் இடமும் வேறொரு விளிம்புக்குப் போகிறது. நடுவில் மிஞ்சுவது அவன் வேலை பார்க்கும் இடம் மட்டுமே.

அரசாங்கம் மனம் வைத்தால் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. முதலாவதாக, பொது நிலத்தில் அமையும் எந்தப் பூங்காவிலும் வாரத்தில் ஒரு நாளாவது குறைந்த கட்டணம் இருக்க வேண்டும் என்று குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். இரண்டாவதாக, அத்தகைய பூங்கா மூடப்பட நேர்ந்தால், பஸ்ஸும் மெட்ரோவும் எளிதில் சேரும் இடத்தில் மாற்று இடம் ஒதுக்கிய பிறகே நிலத்தை எடுக்க வேண்டும். மூன்றாவதாக, ராட்டினங்களைச் சோதனை செய்த தேதியை நுழைவாயிலிலேயே, எல்லோருக்கும் புரியும் மொழியில் எழுதி வைக்க வேண்டும். கடைசியாக, சுப்ரீம் கோர்ட் மெட்ரோ நிலையத்தில், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி குட்டி யானை அப்புவுக்கு ஒரு சிலை வைத்து, அந்த மண்ணின் கதையை நான்கு வரியில் பொறிக்கலாம். நீதியின் கௌரவத்துக்கு அதனால் குறை எதுவும் வந்துவிடாது.

டில்லித் தமிழர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அப்பு கரில் எடுத்த புகைப்படங்கள் எத்தனையோ வீடுகளில் டிரங்குப் பெட்டிகளின் அடியில் கிடக்கின்றன. ஓரம் மஞ்சள் பூத்த அந்தப் படங்களைச் செல்லரிப்பதற்கு முன் வெளியே எடுக்க வேண்டும். எந்த ஆண்டு, யார் யார் என்று பின்பக்கம் எழுதி வைக்க வேண்டும். 1946-ல் தொடங்கிய டில்லித் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் அவற்றைத் திரட்டி ஒரு கண்காட்சி நடத்தினால், தலைநகரின் தமிழ் வாழ்க்கைக்கே அது ஆவணமாக அமையும். மன்னர்கள் கட்டிய கோட்டைகளுக்குத் தொல்பொருள் துறை இருக்கிறது. குமாஸ்தா குடும்பம் சிரித்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தக் குடும்பமேதான் காவல்.

அடுத்த முறை அந்த நிலையத்தில் ரயில் நிற்கும்போது, உடன் வரும் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லலாம்: 'இங்கேதான் உன் அப்பா ராட்டினம் சுற்றினார்.' பிள்ளை உடனே கேட்கும்: 'இப்போது எங்கே இருக்கிறது?' அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நகரத்தை ஆள்கிறவர்கள்.