‘தொடுத்து’ என்று ஒரு சொல் இல்லையாம்!



சென்ற சனிக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில், குயின் தெரு மகாமாரியம்மன் கோவிலுக்குச் சற்றுத் தள்ளி, என் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியைக் கண்டேன். தாயார் மல்லிகைச் சரம் வாங்கிக் கொண்டிருந்தார். மகளோ கடை வாயிலில் இருந்த அறிவிப்பையும் கையிலிருந்த கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்துக் கொண்டிருந்தாள். ‘மாலைகள் தொடுத்துத் தரப்படும்’ என்பதே அறிவிப்பு. பொருள் தெரியாத சொல்லை அகராதியில் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் நான் சொன்னதை நினைவில் வைத்து, அவள் ‘தொடுத்து’ என்று தட்டியிருக்கிறாள். ‘இச்சொல் இல்லை’ என்று விடை வந்தது. விடாமல் முயன்று, எழுத்துகளைக் குறைத்துத் ‘தொடு’ என்று தட்டியிருக்கிறாள். ‘தீண்டு’ என்று பொருள் வந்தது.

“டீச்சர், மாலையைத் தொட்டுத் தருவாங்களா?” என்று கேட்டாள்.

தாயார் சிரித்துவிட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தக் குழந்தை செய்தது எதுவும் தவறில்லை. தேடினாள், சோர்ந்து விடாமல் மீண்டும் தேடினாள். பொய்த்தது அகராதி!

அந்தச் செயலியின் புதிய பதிப்பில் என்னென்ன புதுமைகள் என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன். இரவில் கண் கூசாத கருநிறத் திரை, நாளுக்கொரு சொல், குரல்வழித் தேடல், சொல் விளையாட்டு, விளையாட்டில் வென்றால் புள்ளிகள். எல்லாம் இருக்கின்றன. ‘தொடுத்து’ என்ற சொல்லிலிருந்து ‘தொடு’ என்ற பகுதிக்குப் போகும் வழி மட்டும் இல்லை. வாசற்படி இல்லாத வீட்டுக்கு வண்ணம் பூசுவது போலன்றோ இருக்கிறது இது?

தமிழ்ச் சொல் அகராதியில் இருக்கும் வடிவத்தில் ஏட்டில் வருவது அரிது. வந்தான், கேட்டாள், நின்றது, கண்டேன் என்றே வரும். இவற்றின் பகுதிகள் முறையே வா, கேள், நில், காண். பத்து வயதுக் குழந்தை ‘கண்டேன்’ என்பதைப் பார்த்துக் ‘காண்’ என்று தேட வேண்டுமானால், பொருள் தெரிந்த பிறகுதான் அகராதியையே திறக்க முடியும்! ஆங்கில அகராதியில் ‘வென்ட்’ என்று தேடினால் ‘கோ’ என்பதன் இறந்தகாலம் என்று காட்டிவிடுகிறது. மலாய்க்கு ‘கமூஸ் டேவான்’ அகராதியில் ‘மெனூலிஸ்’ என்பது ‘தூலிஸ்’ என்ற வேர்ச்சொல்லின்கீழ் இருக்கும் என்பதையும் பள்ளியிலேயே கற்றுத் தருகிறோம். மும்மொழியும் பயிலும் நம் பிள்ளை என்ன முடிவுக்கு வருவாள்? தேடினால் கிடைக்காத மொழி தமிழ் என்றே அவள் மனத்தில் பதியும். என் அச்சமெல்லாம் இதுதான்.

“தமிழ் ஒட்டுநிலை மொழி, கணினிக்குக் கடினம்” என்பார்கள். ஜப்பானியமும் ஒட்டுநிலை மொழிதான். அங்கும் வினை இறுதியில் வந்து, விகுதிகளைச் சுமந்து நிற்கும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம் பிரீன் 1991-ஆம் ஆண்டு ‘எடிக்ட்’ என்னும் ஜப்பானிய-ஆங்கில மின்னகராதித் தொகுப்பைத் தொடங்கினார். தரவைப் பிறரும் பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்தார். அதன்மேல் பலர் செயலிகள் செய்தனர். ‘தபேமாஷித்தா’ (உண்டேன்) என்று ஏட்டில் உள்ளபடியே கொடுத்தால், ‘தபேரு’ (உண்) என்ற தலைச்சொல்லுக்கு அவை கொண்டு செல்கின்றன. ‘ரிக்காய்சான்’ என்ற உலாவி நீட்சியில் சொல்லின்மேல் சுட்டியை வைத்தாலே போதுமானதாக இருந்தது. ஜப்பானிய மொழி கற்கும் வெளிநாட்டாருக்குக் கிடைத்த வசதி, தமிழ்ப்பள்ளியில் தாய்மொழி கற்கும் பிள்ளைக்கு எட்டக்கூடாதா?

நமக்கு விதிகள் இல்லையா? 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு உறுப்புகளை வகுத்துத் தந்துவிட்டார். ‘தொட்டு’ என்பதில் பகுதியே இரட்டித்து இறந்தகாலம் காட்டுகிறது. ‘தொடுத்து’ என்பதில் சந்தியும் இடைநிலையும் வருகின்றன. ஆகவே தீண்டுதலா, கோத்தலா என்பதைச் சொல்லின் வடிவமே காட்டிக் கொடுக்கிறது. ‘ஆறில்’ என்றால் எண், ‘ஆற்றில்’ என்றால் நதி. இலக்கணம் அறிந்த அகராதி இங்கே குழம்பாது. பகுதியை மட்டும் அறிந்த அகராதியோ என் மாணவியைப் போலக் குழம்பத்தான் செய்யும்.

சொற்செல்வத்துக்கும் குறைவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் 1,04,405 சொற்கள் உள்ளன. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் அதை எவரும் தேடலாம். சொல்லைப் பகுக்கும் ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆய்வாளர் சர்வேஸ்வரனும் குழுவினரும் உருவாக்கிய ‘தமிழிமார்ஃப்’ என்னும் பகுப்பான் பற்றிய ஆய்வுக்கட்டுரை 2021-இல் வெளிவந்தது. அகராதி ஒருபுறம், பகுப்பான் ஒருபுறம். இரண்டையும் சேர்த்துக் குழந்தையின் கையில் கொடுக்க ஆளில்லையா?

“கருவியே பிரித்துக் கொடுத்தால் மாணவர் எப்போது பகுபதம் கற்பது?” என்று உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. விடையை மட்டும் தரும் கருவியை நானும் விரும்பவில்லை. பிரித்த வழியையும் சேர்த்துக் காட்டட்டும். வாய்பாட்டை மனனம் செய்வதைவிட, தான் தேடிய சொல் கண்முன்னே பிரிவதைக் காணும் பிள்ளை நன்றாகவே கற்பாள். “இனிச் செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் போதாதா?” என்பாரும் உளர். அது சரியாகவும் சொல்லும், தவறாகவும் சொல்லும், இரண்டையும் ஒரே துணிவோடு சொல்லும். எது சரி என்று பத்து வயதுக் குழந்தை எதைக் கொண்டு அறிவாள்?

எனவே அகராதிச் செயலி செய்வோரிடம் நான் வேண்டுவன இவை:

1. ஏட்டில் உள்ளபடியே சொல்லைத் தட்டினால் பகுதியைக் காட்டுக. பிரித்த முறையையும் காட்டுக.

2. தொடுதல், தொடுத்தல் போன்றவற்றைத் தனித்தனித் தலைச்சொற்களாக நிறுத்துக.

3. ‘பற்பசை’ என்று தேடினால் பல் + பசை என்று புணர்ச்சியைக் காட்டுக.

4. எப்பொருள் எவ்வகராதியிலிருந்து எடுக்கப்பட்டது என்று குறிப்பிடுக.

5. மலேசிய வழக்குகளையும் சேர்த்திடுக. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கை வழக்கைக் குறித்துக் காட்டுகிறது. நம் ‘கித்தா’வும் ‘ஒட்டுக்கடை’யும் அதுபோல் இடம்பெறட்டும்.

இவை முடிந்தபின் கருநிறத் திரையும் வரட்டும், புள்ளிகளும் வரட்டும். நான் தடை சொல்லமாட்டேன்.

அன்பர்களே, உங்கள் கைப்பேசியில் இருக்கும் தமிழகராதியில் இன்றே ‘தொடுத்து’ என்று தட்டிப் பாருங்கள். கிடைத்தால் அதைச் செய்தவரை மனமாரப் பாராட்டி எழுதுங்கள். கிடைக்காவிட்டால், ஐந்து நட்சத்திரம் கொடுப்பதற்கு முன் அந்தக் குறையை எழுதுங்கள். திங்கட்கிழமை என் வகுப்பில் ‘தொட்டு’, ‘தொடுத்து’ என்ற இரு சொற்களையும் பலகையில் எழுதப் போகிறேன். என் பங்குக்கு நான் செய்யக்கூடியது அது.