லூவர் வாசலில் இரண்டு விலை

பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் 2026 ஜனவரி 14 முதல் ஒரே நுழைவுச்சீட்டுக்கு இரண்டு விலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகள், அவற்றோடு ஐஸ்லாந்து, நார்வே, லிக்டென்ஸ்டைன் ஆகியவற்றின் குடிமக்களும் அங்கே வசிப்பவர்களும் பழையபடி 22 யூரோ கொடுத்தால் போதும். மற்ற எல்லோருக்கும் 32 யூரோ. இந்தியர், இலங்கையர், எகிப்தியர், இராக்கியர், அமெரிக்கர், பிரிட்டிஷார் என உலகின் பெரும்பகுதி இந்த இரண்டாவது வரிசையில்தான் நிற்கிறது. 2024 தொடக்கத்தில் 17 யூரோவாக இருந்த சீட்டு, இரண்டே ஆண்டுகளில் நமக்கு மட்டும் ஏறத்தாழ இருமடங்காகிவிட்டது. ஒருவருக்கு மூவாயிரம் ரூபாயைத் தாண்டும் செலவு இது.

சீட்டின் விலையை உயர்த்த லூவருக்கு உரிமை உண்டு, பணத்தேவையும் உண்மையானது. ஆனால், பார்வையாளர்களைப் பாஸ்போர்ட்டை வைத்துப் பிரிப்பது, பல தேசங்களின் மண்ணிலிருந்து வந்த பொருள்களால் பெயர் பெற்ற ஒரு நிறுவனம் செய்யக்கூடியதல்ல.

பணம் ஏன் தேவைப்படுகிறது?

லூவரின் நெருக்கடியைக் குறைத்து மதிப்பிட முடியாது. கட்டிடக் கலைஞர் ஐ.எம். பெய் வடிவமைத்த கண்ணாடிப் பிரமிடு 1989இல் திறக்கப்பட்டபோது, ஆண்டுக்கு 40 லட்சம் பேர் அந்த வழியாக உள்ளே வருவார்கள் என்று கணக்கிட்டிருந்தார்கள். 2018இல் வந்தவர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். நாளொன்றுக்கு 30 ஆயிரம் பேர் என்று வரம்பு வைத்த பிறகும், 2024இல் 87 லட்சம் பேர் வந்தார்கள். கூரையில் கசிவு, வெப்பநிலையைச் சீராக வைக்க முடியாத அறைகள், இளைப்பாற இடமில்லாத கூடங்கள் என்று அப்போதைய இயக்குநர் லோரன்ஸ் தெ கார் அரசுக்கு எழுதிய கடிதம் 2025 ஜனவரியில் வெளியானது. அதே மாதம் 28ஆம் தேதி அதிபர் எம்மானுவேல் மக்ரோன், மோனாலிசா தொங்கும் அறையில் நின்று பெரும் சீரமைப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தார்: கிழக்குப் பக்கம் புதிய நுழைவாயில், மோனாலிசாவுக்குத் தனி அறை, அதற்குத் தனிச் சீட்டு. வெளிநாட்டினருக்குக் கூடுதல் கட்டணம் என்பதும் அன்றைய அறிவிப்பில் இருந்ததுதான். திட்டத்தின் செலவு 70 முதல் 80 கோடி யூரோ என மதிப்பிடப்பட்டது.

2025 அக்டோபர் 19 அன்று பட்டப்பகலில், அப்போலோ கூடத்திலிருந்து 8.8 கோடி யூரோ மதிப்புள்ள அரச நகைகளைத் திருடர்கள் எடுத்துச் சென்றார்கள். அடுத்த மாதமே பிரான்ஸின் தணிக்கை நீதிமன்றம் தன் அறிக்கையை வெளியிட்டது. 2024 நிலவரப்படி 39 சதவீத அறைகளில் மட்டுமே கண்காணிப்புக் கேமரா இருந்ததையும், பராமரிப்பு, பாதுகாப்பைவிடப் புதிய பொருள்களை வாங்குவதில் நிர்வாகம் அதிக அக்கறை காட்டியதையும் அது சுட்டிக்காட்டியது.

ஆக, பணம் வேண்டும். ஆனால், இந்த இரட்டை விலையால் ஆண்டுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கப்படுவது 1.5 முதல் 2 கோடி யூரோ. அந்தத் தொகையை மட்டும் நம்பினால் சீரமைப்புச் செலவை ஈட்ட குறைந்தது 35 ஆண்டுகள் ஆகும். அபுதாபியில் ஓர் அருங்காட்சியகம் தன் பெயரைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதித்ததற்காக மட்டும் 40 கோடி யூரோ பெற 2007இல் ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனம் இது. பணம் வர வேறு வாசல்கள் இருக்கின்றன. இந்தச் சிறு வரவுக்காக அது விட்டுக்கொடுப்பது எதை என்பதுதான் கேள்வி.

1793இன் வாக்குறுதி

மன்னராட்சி வீழ்ந்த முதலாம் ஆண்டு நாளில், 1793 ஆகஸ்ட் 10 அன்று, அரண்மனையாக இருந்த லூவர் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மன்னர்களும் திருச்சபையும் பூட்டி வைத்திருந்த கலைச்செல்வம் மக்கள் அனைவருக்கும் உரியது என்ற புரட்சியின் அறிவிப்பு அது. 1922 வரை உள்ளே செல்லக் கட்டணமே கிடையாது.

அந்த அரண்மனை பிறகு எப்படி நிரம்பியது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மோனாலிசாவுக்கு எதிர்ச்சுவரை அடைத்து நிற்கும் வெரோனீஸின் 'கானாவூர்த் திருமணம்', 1797இல் நெப்போலியனின் படை வெனிஸ் மடாலயம் ஒன்றிலிருந்து எடுத்துவந்தது. எகிப்தின் தெந்தெரா கோயில் கூரையில் இருந்த இராசிமண்டலச் சிற்பத்தை 1821இல் வெடிமருந்தும் ரம்பமும் கொண்டு பெயர்த்தெடுத்தார்கள். பண்டைய பாபிலோன் மன்னர் ஹமுராபியின் சட்டக்கல், பாரசீக மன்னரிடம் அகழாய்வுத் தனியுரிமை பெற்றிருந்த பிரெஞ்சுக் குழுவுக்கு 1901-02இல் ஈரானின் சூசாவில் கிடைத்தது. மனிதத் தலையும் சிறகும் கொண்ட அசீரியக் காளைகள் வடக்கு இராக்கின் கோர்சாபாத்திலிருந்து வந்தவை. எல்லாமே கொள்ளைப் பொருள்கள் என்று சொல்லிவிட முடியாது. விலைக்கு வாங்கியவை உண்டு, அன்றைய அரசுகள் அனுமதித்தவையும் உண்டு. ஆனால், அந்த அனுமதிகளை வழங்கிய அரசுகளுக்கும் அந்த மண்ணின் மக்களுக்கும் இடையே இருந்த தூரம் நமக்குத் தெரியாததல்ல.

இவற்றைத் திருப்பிக் கொடுங்கள் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம் ஐரோப்பியப் பெரு அருங்காட்சியகங்கள் சொல்லும் பதில், தாங்கள் மனிதகுலம் முழுவதற்குமான பொதுச் சொத்தைக் காத்து வருகிறோம் என்பது. அதை ஏற்றுக்கொள்வோம். அப்படியானால், பாக்தாதிலிருந்து வரும் ஆசிரியர் தன் முன்னோரின் சட்டக்கல்லைப் பார்க்க 32 யூரோவும், ஜெர்மானியர் ஒருவர் அதே கல்லைப் பார்க்க 22 யூரோவும் கொடுக்க வேண்டும் என்பது எந்தப் பொதுமையில் சேரும்? இந்த முரணை லூவரின் தொழிற்சங்கங்களே சுட்டிக்காட்டி, இரட்டை விலையை எதிர்த்தன.

மாமல்லபுரத்தில் நாம் செய்வது என்ன?

எதிர்வாதம் வலுவானது, அதைத் தாண்டிப் போய்விட முடியாது. பிரெஞ்சுக் குடிமக்கள் வரியாகவும் லூவருக்குப் பணம் தருகிறார்கள். வெளியிலிருந்து வருபவர்கள் சீட்டில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கட்டுமே என்கிறது பாரிஸ். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகமும் 2018 முதல் தன் மாநிலத்தவரை விரும்பிய தொகையைக் கொடுக்கவிட்டு, வெளியாரிடம் முழுக் கட்டணம் வாங்குகிறது. இவை இருக்கட்டும். மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலைப் பார்க்க இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். தாஜ்மகால் வளாகத்தில் 50 ரூபாய்க்கு எதிரே 1,100 ரூபாய். பாரிஸின் வித்தியாசம் ஒன்றரை மடங்குகூட இல்லை. நம்முடையது பல மடங்கு. பிறகு எந்த முகத்தோடு நாம் லூவரைக் கேள்வி கேட்பது?

இரண்டுக்கும் வேறுபாடு உண்டு என்றே நான் கருதுகிறேன். மாமல்லபுரத்துப் பாறை அங்கேயே இருந்தது, அங்கேயே செதுக்கப்பட்டது. வேறு எந்த நாட்டிலிருந்தும் கொண்டுவரப்படவில்லை. நம் நாட்டின் ஏழை உழைப்பாளி தன் குடும்பத்தோடு அதைப் பார்க்க முடிய வேண்டும் என்பதற்காகவே இந்தியருக்கான கட்டணம் தாழ்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. வருமானத்தில் தாழ்ந்த நாடு உயர்ந்த நாட்டுப் பயணியிடம் கூடுதலாகக் கேட்பதும், உயர்ந்த நாடு தாழ்ந்த நாட்டுப் பயணியிடம் கூடுதலாகக் கேட்பதும் ஒன்றாகிவிடாது. அதற்காகப் பதினைந்து மடங்கு இடைவெளி நியாயமாகிவிடாது. நேபாளம், இலங்கை போன்ற அண்டை நாட்டவருக்குச் சலுகை உண்டு; ஆனால், ஏழை ஆப்பிரிக்க நாட்டு மாணவர் இங்கே அமெரிக்கச் செல்வந்தரின் கட்டணத்தையே கட்டுகிறார். அதை நாம் திருத்தியாக வேண்டும்.

ஆனால், நம் நடைமுறையில் பாரிஸ் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. சார்க், பிம்ஸ்டெக் அமைப்புகளில் உள்ள அண்டை நாட்டவருக்கு நம் தொல்லியல் துறை இந்தியருக்கான கட்டணத்தையே வாங்குகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர் மாமல்லபுரத்தில் 40 ரூபாய்தான் கொடுக்கிறார். அண்டை நாடு என்ற உறவு சலுகைக்குக் காரணமாகலாம் என்றால், பொருள்களைத் தந்த நாடு என்ற உறவு அதைவிட வலிய காரணம். எகிப்து, இராக், ஈரான், சிரியா நாட்டவருக்கு ஐரோப்பியருக்குரிய கட்டணத்தையாவது லூவர் வாங்கியிருக்க வேண்டும்.

ஒரே தெரு, இரு கட்டணம்

பாஸ்போர்ட்டை அளவுகோலாக்கினால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்கள் தங்கள் குடும்பத்துக்குள்ளேயே பார்க்கலாம். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் அங்கே இன்றும் வாழ்கின்றன. அந்த வீட்டார் பாரிஸ் சென்றால் 22 யூரோ. பக்கத்து வீட்டார் சென்றால் 32. பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் கடை வைத்திருக்கும் ஈழத்தமிழருக்கு 22. அவரைப் பார்க்க வரும் லண்டன் தங்கைக்கும் யாழ்ப்பாணத்து அம்மாவுக்கும் 32. தங்கைக்கும் 32 ஆனதற்கு, பிரிட்டன் இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்பதுதான் காரணம்.

இளைஞர்கள் விஷயத்தில் இடைவெளி இன்னும் பெரிது. 18 வயதுக்குட்பட்டவர்கள் எந்த நாட்டவரானாலும் இலவசம்; இதைப் பாராட்ட வேண்டும். ஆனால், 18 முதல் 25 வயது வரை மேலே சொன்ன ஐரோப்பிய நாடுகளில் வசிப்பவர்களுக்கு மட்டுமே இலவசம். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் பயிலும் மாணவி எப்படியோ பணம் சேர்த்துப் பாரிஸ் போய்ச் சேர்ந்தால், முழுதாக 32 யூரோ கட்ட வேண்டும். தன்னோடு வரிசையில் நிற்கும் அதே வயது பாரிஸ் மாணவிக்கு எதுவுமில்லை. ஓவியம் கற்கும் ஒருவருக்கு லூவர் சுற்றுலாத் தலமல்ல, பாடசாலை. இரட்டை விலையின் மிகப் பெரிய அநீதி இந்த இடத்தில்தான் இருக்கிறது.

வேறு வழிகள்

கூட்டமும் பணமும்தான் சிக்கல் என்றால், கூட்டத்தை அளவுகோலாக்கலாம். மோனாலிசாவுக்குத் தனிச் சீட்டு என்ற திட்டம் சரியானது. நெரிசலுக்குக் காரணமான அறைக்கு எல்லா நாட்டவரும் ஒரே அளவில் கூடுதல் கட்டணம் தரட்டும். காலை நேரத்துக்கு ஒரு விலை, கூட்டம் குறைந்த மாலைக்கு ஒரு விலை என்று வைக்கலாம். மாட்ரிடின் பிராடோ அருங்காட்சியகம் தினமும் கடைசி இரண்டு மணி நேரம் எல்லோரையும் இலவசமாக விடுகிறது. லூவர் ஜூலை, ஆகஸ்ட் தவிர ஒவ்வொரு மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலையில் அதைச் செய்கிறது. அதை வாரந்தோறும் ஆக்கலாம். 26 வயதுக்குட்பட்டோருக்கான சலுகையை உலக மாணவர்கள் அனைவருக்கும் விரிக்கலாம். இவை எதற்கும் வாசலில் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்க்கத் தேவையில்லை.

செல்ல நினைப்பவர்களுக்கு

இந்த விதிகள் மாறும்வரை, இருப்பதை வைத்தே திட்டமிட வேண்டியிருக்கிறது. சீட்டை லூவரின் அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள். இடைத்தரகு தளங்கள் அதே சீட்டின் மேல் தங்கள் பங்கையும் ஏற்றி விற்கின்றன. சீட்டில் நுழைய வேண்டிய நேரம் குறிக்கப்பட்டிருக்கும். கோடைக்காலத்திலும் விடுமுறை நாள்களிலும் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், விமானச் சீட்டு உறுதியானதும் இதையும் பதிவுசெய்துவிடுவது நல்லது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. புதன், வெள்ளியில் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். மற்ற நாள்களில் மாலை 6 மணியோடு சரி. ஜூலை, ஆகஸ்ட் தவிர்த்த மாதங்களில் முதல் வெள்ளி மாலை 6 மணிக்கு மேல் இலவசம். ஆனால், முன்பதிவு வேண்டும். குழந்தைகளுக்கு வயதுச் சான்றாகப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

உள்ளே ஏறக்குறைய 35 ஆயிரம் பொருள்கள் காட்சிக்கு இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயல்வது எதையும் பார்க்காமல் திரும்புவதற்குச் சமம். 77 செ.மீ. உயரமே உள்ள மோனாலிசாவை நூறு கைபேசிகளுக்குப் பின்னால் நின்று நொடிப்பொழுது பார்த்துவிட்டு வெளியேறுவோர் ஏராளம். அந்த அறையிலேயே திரும்பி நின்று, பத்து மீட்டர் அகலத்தில் விரியும் வெரோனீஸின் விருந்தைப் பாருங்கள். பிறகு ரிஷ்லியூ பகுதிக்குச் சென்று ஹமுராபியின் கல் முன்னாலும் அசீரியக் காளைகளின் காலடியிலும் நேரம் செலவிடுங்கள்; சல்லி பகுதியில் எகிப்தின் அமர்ந்த எழுத்தர் இருக்கிறார். கொடுத்த கூடுதல் 10 யூரோவுக்கு ஆசியாவும் ஆப்பிரிக்காவும் தரும் பதில் அந்தக் கூடங்களில்தான் இருக்கிறது.

வெர்சாய், ஷாம்போர் அரண்மனைகளும் இதே வழியில் இரட்டை விலைக்கு மாறிவிட்டன. லூவர் செய்வது ஐரோப்பா முழுவதற்கும் முன்மாதிரியாகும் என்பதால், இதை ஒரு நகரத்தின் சீட்டுக் கணக்கு என்று விட்டுவிடக் கூடாது. எகிப்து, இராக் போன்ற நாடுகளோடு சேர்ந்து, பொருள்களைத் தந்த நாடுகளின் மக்களுக்கும் மாணவர்களுக்கும் சம கட்டணம் வேண்டும் என்று இந்திய அரசு பிரான்ஸிடம் வலியுறுத்த வேண்டும். அந்தக் குரலுக்கு மதிப்புக் கிடைக்க வேண்டுமானால், மாமல்லபுரத்திலும் தாஜ்மகாலிலும் வெளிநாட்டு மாணவர்களுக்கு நாம் வாங்கும் கட்டணத்தை முதலில் குறைக்க வேண்டும்.